படுக்கை விரிப்பு மாற்றிய சில நிமிடங்கள்: 2018 குரங்கம்மை நிகழ்வு ஆய்வு

2018 செப்டம்பரில் வடமேற்கு இங்கிலாந்தின் ஒரு மருத்துவமனையில், நோயாளி ஒருவரின் படுக்கை விரிப்பை ஒரு சுகாதாரப் பணியாளர் மாற்றினார். நோயாளிக்கு என்ன நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது. சில வாரங்களில் அந்தப் பணியாளருக்குக் குரங்கம்மை உறுதியானது. பிரிட்டனுக்குள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இந்த வைரஸ் பரவியதாகப் பதிவான முதல் நிகழ்வு அதுதான்.

குரங்கம்மை எப்படிப் பரவுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, தடுப்பூசி எப்போது உதவும் என்ற மூன்று கேள்விகளும் இந்த ஒரே நிகழ்வில் வந்து சேர்கின்றன. அன்று ஊகமாக இருந்த சிலவற்றுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து அளவீடுகளோடு விடை கிடைத்தது. அதனால்தான் இதை முதலிலிருந்து எழுதி வைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் அந்த மருத்துவமனையின் பெயரும் இங்கே வராது.

பின்னணி

இந்த வைரஸ் 1958இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில், ஆய்வகக் குரங்குகளிடம் கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது; இயற்கையில் இது பெரும்பாலும் எலி, அணில் போன்ற கொறிவிலங்குகளிடம் சுற்றுவதாகவே கருதப்படுகிறது. மனிதரில் முதலில் பதிவானது 1970இல், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில், ஒன்பது மாதக் குழந்தை ஒன்றுக்கு. உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் நோயின் பெயரை எம்பாக்ஸ் என்று மாற்றியது. நிகழ்வு நடந்த காலத்தின் பெயரையே இங்கே பயன்படுத்துகிறேன்.

பெரியம்மையும் குரங்கம்மையும் ஒரே குடும்பத்து வைரஸ்கள் என்பதால், பெரியம்மைக்குப் போட்ட தடுப்பூசி குரங்கம்மையையும் பெருமளவு தடுத்துவந்தது. காங்கோவில் 1980களில் செய்த கள ஆய்வுகள் அந்தப் பாதுகாப்பை ஏறக்குறைய 85 விழுக்காடு என்று கணித்தன. பெரியம்மை ஒழிந்ததும் ஊசியும் நின்றது. பிரிட்டனில் குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடுவது 1971லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆக 2018இல், நாற்பது வயதை ஒட்டியவர்களும் இளையவர்களும் இந்தக் குடும்பத்து வைரஸ் எதையும் உடம்பால் அறியாதவர்கள். மருத்துவமனை வார்டுகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பங்கு இந்த வயதினர்தான்.

நைஜீரியாவில் 39 ஆண்டுகள் எதுவும் பதிவாகாமல் இருந்துவிட்டு, 2017 செப்டம்பரில் நோய் மறுபடி தலைகாட்டியது. அங்கே நோயாளிகளை நேரில் பார்த்த மருத்துவர் டிமி ஒகோய்னாவும் அவருடைய குழுவினரும், பலருக்குப் பிறப்புறுப்புப் பகுதியில் புண்கள் இருப்பதைக் கவனித்து, பாலுறவின்போது ஏற்படும் நெருக்கத்தாலும் பரவக்கூடும் என்று 2019இலேயே எழுதினார்கள். உலகம் அதைக் காதில் வாங்கிக்கொள்ள 2022 ஆனது. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

முதல் இரு நோயாளிகள்

2018 செப்டம்பர் 8 அன்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை நாட்டின் முதல் குரங்கம்மை நோயாளியை அறிவித்தது. நைஜீரியாவிலிருந்து வந்தவர். மூன்றே நாளில், செப்டம்பர் 11 அன்று, இரண்டாவது அறிவிப்பு. இவரும் நைஜீரியா போய்த் திரும்பியவர். ஆனால் இருவருக்கும் ஒருவரோடொருவர் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரே வாரத்தில் தொடர்பில்லாத இரண்டு பேர் என்றால், அங்கே கணக்கில் வந்ததைவிடப் பரவல் அதிகம் என்று அப்போதே சந்தேகிக்க இடமிருந்தது.

இந்த ஆய்வின் மையம் இரண்டாவது நோயாளி. நைஜீரியாவில் இருந்தபோது உடம்பில் தடிப்புகள் இருந்த ஒருவரோடு பழகியதையும், காட்டு விலங்கின் இறைச்சி சாப்பிட்டதையும் அவர் பின்னர் சொன்னார். காய்ச்சலோடும் நெறிகட்டோடும் வந்தவருக்குத் தோலில் கொப்புளங்களும் இருந்தன.

இதில் எதைக் கவனித்திருக்கலாம்? இந்த நோயின் தொடக்கம் சின்னம்மையைப் போலவே இருக்கும். பிரித்துக்காட்டும் முக்கியமான அடையாளம் நெறிகட்டுதான். கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ கட்டி கட்டியாகத் தட்டுப்படும். சின்னம்மையில் அது அவ்வளவாக இருக்காது. இன்னொன்று, கொப்புளங்கள் ஆழமாக, தொட்டால் கெட்டியாக இருக்கும். உடம்பின் ஒரே பகுதியில் இருப்பவை பெரும்பாலும் ஒரே கட்டத்தில் இருக்கும். பாடநூலில் படித்தால் எளிதாகத்தான் தெரிகிறது. அந்த வாரம்வரை நாட்டில் ஒருவர்கூட வராத நோயை வார்டில் நிற்கும் மருத்துவர் நினைத்துப் பார்ப்பது அப்படி எளிதல்ல. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படுக்கை மாற்றியது

நோய் உறுதியாவதற்கு முந்தைய நாட்களில் அந்தப் பணியாளர் நோயாளியின் விரிப்புகளை மாற்றினார். கையுறை போட்டிருந்தார், ஒருமுறை பயன்படுத்தும் ஏப்ரன் கட்டியிருந்தார். மூச்சைக் காக்கும் முகக்கவசம் இல்லை. தெரிந்த தகவலின்படி எல்லா வார்டுகளிலும் எல்லோரும் செய்யும் விதம் அதுதான். விதிமீறல் என்று எதுவும் இல்லை.

விரிப்பை மாற்றும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் விஷயம் புரியும். மெத்தையின் நான்கு மூலைகளையும் இழுத்து விடுவிக்க வேண்டும். துணியைச் சுருட்டும்போது அது உடம்போடு அணைந்துதான் வரும். தலையணை உறையை உருவினால் உள்ளே அடைந்திருந்த காற்று பொசுக்கென்று முகத்தை நோக்கி வெளியேறும். புது விரிப்பை ஒரு உதறு உதறித்தான் விரிப்போம், கை பழகிவிட்டது. கொப்புளமும் பொருக்குமாகப் படுத்திருந்தவரின் விரிப்பில் உதிர்ந்த தோல் துகள்களும் காய்ந்த கசிவும் இருக்கும். அம்மைக் குடும்பத்து வைரஸ்கள் காய்ந்த பொருக்கில் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கக் கூடியவை. கையுறை கைகளைக் காக்கும். முகத்துக்கு முன்னால் எழும் தூசியை அது என்ன செய்யும்?

நோயை உறுதிசெய்தது

அரிதான, வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் கிருமிகளுக்கான பிரிட்டனின் தனி ஆய்வகம் போர்ட்டன் டவுனில் இருக்கிறது. சந்தேகம் வந்ததும் மாதிரிகள் அங்கே போயின. வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையில் விடை வந்தது.

மாதிரியை எங்கிருந்து எடுப்பது என்பது இந்த நோயில் பெரிய விஷயம். வழக்கம்போல இரத்தம் எடுத்து அனுப்பினால் ஏமாந்து போவோம். இரத்தத்தில் வைரஸ் தங்கும் காலம் குறைவு. கொப்புளத்தின் அடியைப் பஞ்சுக்குச்சியால் அழுத்தித் தேய்த்து எடுப்பதும், பொருக்கையே எடுத்து அனுப்புவதும்தான் நம்பகமானவை. நோய் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் பரிசோதனை இங்கே அதிகம் உதவாது. சிறு வயதில் பெரியம்மை ஊசி போட்டவருக்கும் அது நோய் இருப்பதுபோலக் காட்டிவிடும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நோய் உறுதியானதும் நோயாளி சிறப்புத் தனிமைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அவரோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலை தொடங்கியது. பாதுகாப்பில்லாமல் நெருங்கியவர்கள் யார், கவசத்தோடு நெருங்கியவர்கள் யார், தூர நின்றவர்கள் யார் என்று ஆபத்தின் அளவைப் பார்த்துப் பிரித்தார்கள். தேவையானவர்களுக்குத் தடுப்பூசி, தினமும் உடல்நிலை விசாரிப்பு, வேலைக்கு வராமல் வீட்டில் இருக்கச் சொல்வது ஆகிய மூன்றும் சேர்ந்தே நடந்தன.

ஏன் மூன்றும்? தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரிய 21 நாள் வரை ஆகலாம். கண்காணிப்பை ஒரு வாரத்தோடு நிறுத்த முடியாது. ஊசி போட்டும் நோய் வரலாம் என்பதால் ஊசியை மட்டும் நம்பி யாரையும் வார்டுக்கு அனுப்பவும் முடியாது. வார்டில் இருப்பவர்களோ ஏற்கெனவே நோயாளிகள்.

தடுப்பூசி பற்றிய முடிவு துணிச்சலானது. எம்விஏ-பிஎன் என்ற அந்த ஊசிக்கு ஐரோப்பாவில் 2013இல் அனுமதி கிடைத்தது பெரியம்மைக்காக மட்டும்தான். குரங்கம்மைக்கும் சேர்த்து அமெரிக்கா அனுமதி கொடுத்தது 2019 செப்டம்பரில், ஐரோப்பா 2022இல். 2018இல் போட்டவர்கள் அனுமதிப் பட்டியலைத் தாண்டித்தான் போட்டார்கள். இந்த ஊசியில் உள்ள வைரஸ் மனித உடலில் பெருகாது. பழைய பெரியம்மை ஊசி போட்ட இடத்தில் புண்ணாகி மற்றவர்களுக்கும் ஒட்டும். இதில் அந்த ஆபத்து கிடையாது. இழக்க அதிகமில்லை, காக்க வாய்ப்புண்டு. அந்தக் கணக்கு எனக்குச் சரியாகவே படுகிறது.

மூன்றாவது நோயாளி

செப்டம்பர் 26 அன்று மூன்றாவது நோயாளி அறிவிக்கப்பட்டார். விரிப்பு மாற்றிய அதே பணியாளர். நைஜீரியா போனவர் அல்ல. விசாரித்துப் பார்த்தபோது, மாசுபட்ட படுக்கைத் துணிகளைக் கையாண்டதே தொற்றுக்கான காரணமாக இருக்கக்கூடும் என்ற முடிவுக்குத்தான் வர முடிந்தது. அவர் நியூகாசிலில் உள்ள சிறப்புப் பிரிவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

மறுபடி தொடர்பாளர் பட்டியல். இந்த முறை பட்டியலில் 134 பேர். அவர்களில் நான்கு பேருக்கு உடல்நலம் கெட்டது; அந்த ஒவ்வொரு காய்ச்சலும் எவ்வளவு பதற்றத்தைக் கிளப்பியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆனால் அந்த ஆண்டில் பிரிட்டனில் உறுதியான குரங்கம்மை மூன்றோடு நின்றது. மூவரும் பிழைத்தார்கள்.

குணமானது எப்படி, எவ்வளவு நாள்

2018 முதல் 2021 வரை பிரிட்டனில் சிகிச்சை பெற்ற ஏழு பேரின் விவரங்களும் சேர்த்து 2022இல் வெளியாயின. இந்த மூவரும் அதில் அடக்கம். ஏழில் ஐந்து பேர் மூன்று வாரத்துக்கும் மேல், 22 முதல் 39 நாள் வரை, தனிமை அறையில் இருந்தார்கள். தோலில் புண்கள் ஆறிய பிறகும் சிலருக்குத் தொண்டை மாதிரியில் வைரஸின் மரபணு தென்பட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணம். மனச்சோர்வும் சிக்கல்களின் பட்டியலில் இடம்பெற்றது. முழுக் கவசம் போட்டவர்களைத் தவிர வேறு முகமே பார்க்காமல் ஒரு மாதம் என்றால் எப்படி இருக்கும்?

தொண்டையில் மரபணு இருந்தால் தொற்றும் ஆற்றலும் இருக்குமா? 2018இல் இதற்கு விடை இல்லாததால் பாதுகாப்பான பக்கம் நின்றார்கள். 2022க்குப் பிறகு செய்த ஆய்வக வளர்ப்புச் சோதனைகளில், பிசிஆரின் சுழற்சி எண் 35ஐத் தாண்டிய மாதிரிகளிலிருந்து உயிருள்ள வைரஸ் பெரும்பாலும் வளரவில்லை. அந்த எண் கூடக்கூட மாதிரியில் வைரஸ் குறைவு என்று அர்த்தம். இது அன்றே தெரிந்திருந்தால் சிலர் முன்னதாக வீடு திரும்பியிருக்கலாம்.

மருந்துகள் விஷயத்தில் ஒரு பாடம் உண்டு. ஏழு பேரில் மூவருக்கு பிரின்சிடோஃபோவிர் கொடுத்தார்கள். மூவருக்கும் கல்லீரல் நொதிகள் ஏறியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. ஒருவருக்கு டெகோவிரிமாட் கொடுத்தார்கள். அவர் மற்ற ஆறு பேரைவிடச் சீக்கிரம், பத்தே நாளில் வீடு போனார். அதைப் படித்து எல்லோரும் நம்பிக்கை வைத்தோம். அப்புறம் காங்கோவில் 597 பேரிடம் முறையாகச் சோதனை நடந்தது. 2024 ஆகஸ்டில் முடிவு வந்தது. புண்கள் ஆறும் காலத்தை அந்த மருந்து குறைக்கவில்லை. அதே சோதனையில், மருந்து பெற்றவர்கள், பெறாதவர்கள் இரு தரப்பிலும் சேர்த்து இறப்பு 1.7 விழுக்காடுதான். அந்த நாட்டில் வழக்கமாகப் பதிவாவதைவிட இது குறைவு. மருத்துவமனையில் வைத்து நீர்ச்சத்து, உணவு, புண் பராமரிப்பு என்று ஒழுங்காகக் கவனித்ததே உயிர்களைக் காத்தது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

நான்கு ஆண்டு கழித்து, அறையின் காற்றில்

2022இல் பிரிட்டனில் நோயாளிகள் குவிந்தபோது, லண்டனில் ஒரு குழு தனிமை அறைகளின் காற்றையும் பரப்புகளையும் எடுத்துச் சோதித்தது. 60 பரப்பு மாதிரிகளில் 56இல் வைரஸ் மரபணு இருந்தது. 20 காற்று மாதிரிகளில் ஐந்தில் இருந்தது. ஓர் அறையில் விரிப்பு மாற்றுவதற்கு முன்பும் மாற்றும்போதும் எடுத்த நான்கு காற்று மாதிரிகளில் மூன்று நேர்மறை. வளர்ப்புக்கு அனுப்பிய நான்கு மாதிரிகளில் இரண்டில் பெருகக்கூடிய வைரஸ் கிடைத்தது; அதில் ஒன்று விரிப்பு மாற்றும்போது எடுத்த காற்று.

இதை முதன்முறை படித்தபோது எனக்கு அந்த 2018 பணியாளர்தான் நினைவுக்கு வந்தார். ஊகம் என்று எழுதி வைத்த இடத்தில் இப்போது ஒரு அளவீடு நிற்கிறது. அந்த ஒருவருக்கு அப்படித்தான் தொற்றியது என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனால் அப்படித் தொற்ற வழி இருக்கிறது என்று காட்டிவிட்டது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் யூட்டாவில் நோயாளிகள் இருந்த ஒரு வீட்டில் பல பொருட்களிலும் மரபணு கிடைத்தது. உயிருள்ள வைரஸ் எதிலும் கிடைக்கவில்லை. 2022இல் 16 நாடுகளில் 528 பேரை ஆராய்ந்தபோது 95 விழுக்காட்டினருக்குப் பாலுறவு நெருக்கத்தின் வழியாகத் தொற்றியிருக்கும் என்றே தெரிந்தது. ஆக, துணி வழியாகப் பரவுவது பொதுமக்களுக்கு முக்கிய வழி அல்ல. ஒரே அறையில் நாள் கணக்கில் படுத்திருப்பவரின் விரிப்பை, நெருங்கி நின்று, மறுபடி மறுபடி மாற்றுபவருக்கு அது உண்மையான ஆபத்து. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு பக்கம் வீண் பீதி வரும், இன்னொரு பக்கம் பணியாளர்களைக் கைவிட்டுவிடுவோம்.

2018 நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸின் மரபணு வரிசைகளும் வீணாகவில்லை. 2022இன் வைரஸை அந்தப் பழைய வரிசைகளோடு வைத்துப் பார்த்தபோது சுமார் 50 மாற்றங்கள் தெரிந்தன. இந்தக் குடும்பத்து வைரஸ் சில ஆண்டுகளில் இவ்வளவு மாறாது. மாற்றங்களின் வகையைப் பார்த்தால், மனித உடலின் ஏபோபெக்3 என்ற தற்காப்பு நொதி பதித்த தழும்புகள் அவை. விலங்கிலிருந்து அவ்வப்போது தாவாமல், ஏறக்குறைய 2016 முதலே மனிதரிடையே தொடர்ந்து பரவிவந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் அதிலிருந்து முடிவு செய்தார்கள்.

இன்று நடந்தால் எதை மாற்றுவேன்

முதலில் வரிசை. காரணம் தெரியாத கொப்புளமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், விடை வரும்வரை காத்திராமல், தனி அறையும் மூச்சைக் காக்கும் முகக்கவசமும் அன்றே தொடங்க வேண்டும். நோயின் பெயர் தெரிந்த பிறகு எல்லோரும் கவசம் போடுகிறார்கள். பெயர் தெரியாத நாட்களில்தான் இந்தப் பணியாளருக்குத் தொற்றியது.

விரிப்பை உதறக் கூடாது. நோயாளி படுத்த பக்கம் உள்ளே போகும்படி மெதுவாகச் சுருட்டி, கட்டிலருகிலேயே பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். உடம்போடு அணைத்துத் தூக்கக் கூடாது. கையை நீட்டிப் பிடித்தபடி வேலை செய்ய இரண்டு பேர் தேவைப்படலாம்; அந்த இரண்டாவது ஆளை ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் வேலை.

தடுப்பூசியில் என் எண்ணம் மாறியிருக்கிறது. தொற்றும் வாய்ப்பு ஏற்பட்ட நான்கு நாளுக்குள் போட்டால் நோயைத் தடுக்கலாம், பதினான்கு நாள் வரை போட்டால் கடுமையைக் குறைக்கலாம் என்பது வழிகாட்டல். அந்த நான்கு நாள் கணக்கு விரிப்பைத் தொட்ட நாளிலிருந்து ஓடுகிறது. ஆய்வக முடிவு வந்த நாளிலிருந்து அல்ல. நோயை அடையாளம் காணவே பல நாள் ஆகும் இடத்தில், பல சமயம் அந்த நான்கு நாள் முன்பே முடிந்துவிடும். முன்கூட்டிப் போட்டதற்கான சான்று வலுவாக இருக்கிறது: இங்கிலாந்தில் 2022இல் ஒரு தவணைக்கே 78 விழுக்காடு பாதுகாப்பு என்று கணித்தார்கள், அமெரிக்காவின் ஒரு பெரிய ஆய்வில் இரண்டு தவணைக்கு 66 விழுக்காடு. பின்னால் போட்டதற்கான முடிவுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஆகவே இத்தகைய நோயாளிகளை ஏற்கும் பிரிவுகளில் வேலை செய்வோருக்கு முன்பே போட்டு வைப்பதுதான் முறை. அந்தப் பட்டியலில் மருத்துவர், செவிலியரோடு துப்புரவு செய்பவரும் சலவைக்கூடத்தில் பை அவிழ்ப்பவரும் இருக்க வேண்டும்.

பரிசோதனை பற்றி ஒன்று. 2023இல் கிழக்கு காங்கோவின் கமிடுகா என்ற தங்கச் சுரங்க நகரில் பரவத் தொடங்கிய புதுக் கிளையில், மரபணுவின் ஒரு துண்டே காணாமல் போயிருந்தது. இந்த வைரஸின் இரு பெரும் வகைகளில் முதலாவதை (புதுக் கிளையும் அதைச் சேர்ந்ததே) அடையாளம் காணும் ஒரு பிசிஆர், சரியாக அந்தத் துண்டைத்தான் தேடும்படி அமைக்கப்பட்டிருந்தது. நோய் இருந்தும் அது இல்லை என்று சொல்லிவிடும். ஒரே இலக்கை நம்பாமல், பொதுவான குரங்கம்மை இலக்கையும் சேர்த்துத் தேடும் பரிசோதனையே இன்று பாதுகாப்பானது. கொப்புளம் கண்ணெதிரே இருக்க முடிவு இல்லை என்று வந்தால், இன்னொரு இலக்கை வைத்து மறுபடி பார்க்கச் சொல்லும் துணிவு வார்டில் இருப்பவருக்கு வேண்டும்.

வீட்டில் இருக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு அந்த 21 நாள் சம்பளம் உறுதியாக இருக்க வேண்டும். பணம் போய்விடும் என்ற பயம் இருந்தால் லேசான காய்ச்சலை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தினமும் தொலைபேசியில் விசாரிப்பது அவர் உண்மையைச் சொன்னால்தானே பயன்படும்?

கடைசியாக, அறை வாசலில் ஒரு பதிவேடு. சந்தேகம் எழுந்த நிமிடத்திலிருந்து உள்ளே போகும் ஒவ்வொருவரும் பெயர், நேரம், என்ன செய்தார், என்ன போட்டிருந்தார் என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். மருந்து கொடுத்தவர் பெயர் நோயாளியின் கோப்பில் எப்படியும் இருக்கும். விரிப்பு மாற்றியவர் பெயரும் அதே வரிசையில், அதே அக்கறையோடு இருக்க வேண்டும்.